பின்சீட்டைக் கழற்றிய வண்டி

மார்ச் பிறந்துவிட்டால் நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பக்கத்தில் யார் கண்ணிலும் தூக்கம் நிலைக்காது. மாடுகள் ஈனுகிற மாதம் அது. பகலில் பனி உருகிச் சேறாகும், இரவில் சேறு இறுகிக் கல்லாகும், விடிந்தால் மறுபடியும் சேறு. அந்தச் சேற்றில்தான் கன்றுகள் விழும். லவோன் வோண்ட்ரா இருபத்திரண்டு நாட்களாகத் தனியாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறு மாடுகள், அவற்றில் பதினெட்டு தலையீத்துக் கிடாரிகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்து, பட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வயது அறுபத்தொன்று. போன வருஷம் வரை இரவில் பாதி அவளுடையது, பாதி கணவர் எமிலுடையது. இந்த வருஷம் எமில் நூற்றைம்பது மைலுக்கு அப்பால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார்.

முதுகெலும்பில் புற்று இறங்கி இரண்டு எலும்புகள் நொறுங்கியிருந்தன. நீட்டிப் படுத்திருந்தால் வலி ஏதோ தாங்குகிற மட்டில் இருக்கும். சாய்த்து உட்காரவைத்தால் போதும், ஆறடி மனிதர் வெளிறிப்போய் உதட்டைக் கடிப்பார். செவ்வாய்க்கிழமை டாக்டர் போனில் லவோனிடம் சொன்னார்: இங்கே இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, நகரத்திலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் காலியாக இருக்கிறது, அங்கே வைக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வாரத்துக்கு இரண்டு தடவை நர்ஸ் வந்து பார்ப்பாள். எமில் போனை வாங்கி ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"வீடு."

சொல்லிவிட்டார். கொண்டுவருவது எப்படி? அந்த வட்டாரத்துக்கு இருந்தது ஒரே ஆம்புலன்ஸ், அதை ஓட்டுவதும் ஊர்க்காரர்களே, எல்லையைத் தாண்டி அது போகாது. படுக்கவைத்து ஏற்றிவரும் வாடகை வண்டி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் முதல் பெரிய பனிப்புயல் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. விழுந்தால் சாலை எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொட்டகையில் நின்றது அவர்களுடைய பழைய பெரிய எஸ்.யூ.வி. மகன் டீனும் அவன் கூட்டாளிகளும் பந்தாட்டத்துக்குப் போன காலத்தில் வாங்கியது. எட்டுப் பேர் உட்காரலாம். படுத்து வர ஒரு ஆளுக்குக்கூட இடமில்லை. நடு வரிசையையும் கடைசி வரிசையையும் கழற்றிப்போட்டால் ஒரு கட்டில் நீளம் கிடைக்கும்.

புதன்கிழமை மத்தியானம் லவோன் கொட்டகையில் நின்று, எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று தெரியாமல் அந்தச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கியவள் கெண்ட்ரா. டீனின் மனைவியாக ஏழு வருஷம் இந்த வீட்டில் இருந்தவள். விவாகரத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. டவுனில் ட்ராக்டர் கடையில் மெக்கானிக். கனமான கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா போன் பண்ணாரு," என்றாள். "சீட்டைக் கழட்டணுமாமே."

"உனக்கா பண்ணாரு?"

"பின்னே யாருக்குப் பண்ணுவாரு? ஒரு மணி நேரத்து வேலைதான்னு சொன்னாரு. அவரு எந்த வேலைய ஒரு மணி நேரத்துக்கு மேல சொல்லியிருக்காரு?"

லவோன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "காபி இருக்கு," என்றாள்.

"அப்புறம் குடிக்கறேன் அத்தை. முதல்ல பேட்டரி ஒயரை எடுத்துவிடணும். பானெட்டைத் திறங்க."

"சீட்டுக்கும் பேட்டரிக்கும் என்ன?"

"அடியில மஞ்சளா ஒரு ஒயரு ஓடும். வண்டி மோதினா விரியற காத்துப்பைக்குப் போறது. கரண்ட் இருக்கறப்ப அதைப் புடுங்கினா பட்டுனு வெடிச்சாலும் வெடிக்கும். மூஞ்சி பேந்துரும்."

கடைசி வரிசை சுலபமாக வந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி, இழுத்ததும் கொக்கி விட்டது. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் பின்கதவு வழியாக இழுத்து இறக்கினார்கள். இறக்கின பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. லவோன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சீட்டு இருந்த இடத்தில் வைக்கோல் தூசு, மாட்டுக் காதுக்கு மாட்டுகிற வில்லைகள், கட்டுக்கயிறு, கல்லாகிப்போன உருளைக்கிழங்கு வறுவல் நாலைந்து.

"இந்த வண்டிய ஒருநாளாவது பெருக்கியிருக்கீங்களா?"

"பெருக்கினா உன் மாமா எதையோ காணோம்பாரு."

நடு வரிசைதான் வேலை வாங்கியது. தரையோடு நாலு போல்ட். பிளாஸ்டிக் மூடியைத் தட்டி எடுத்துப் பார்த்தால் நாலும் துருவில் பூத்திருந்தன. குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பெல்லாம் அடியிலிருந்து ஏறியிருந்தது. கெண்ட்ரா ஒவ்வொன்றிலும் துரு இளக்குகிற எண்ணெயை விட்டாள், சுத்தியலால் தலையில் நாலு தட்டுத் தட்டினாள், காத்திருந்தாள். கொட்டகையின் தகரக் கூரையைக் காற்று ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பறபறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சு விட்டால் புகையாகத் தெரிந்தது.

"டீன் வரானா?" கேட்டபோது கெண்ட்ராவின் தலை சீட்டுக்கு அடியில் இருந்தது.

"சனிக்கிழமை வரப் பார்க்கறேன்னான். டென்வர்லேர்ந்து ரோடு எப்படி இருக்குமோ. அந்த இல்லத்துலயே விட்டுரும்மாங்கறான். காலையில அரை மணி நேரம் பேசினான்."

"அவனுக்குப் பேச வரும்."

முதல் போல்ட் முனகிக்கொண்டு இளகியது. இரண்டாவதுக்கு நீளக் கைப்பிடி போட வேண்டியிருந்தது. மூன்றாவதில் கைப்பிடி நழுவி கெண்ட்ராவின் விரல் மூட்டு தரையில் உரசி ரத்தம் வந்தது. லவோன் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து நீட்டினாள்.

"அது கன்னுக்குட்டி துடைச்ச துணியா?"

"துவைச்சதுதான்."

விரலைச் சுற்றிக்கொண்டே கெண்ட்ரா சொன்னாள்: "பிரிஞ்ச புதுசுல எட்டு மாசம் அத்தை. மளிகைக் கடையில பார்த்தா எட்டு மாசம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. நான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

"ஆமா," என்றாள் லவோன்.

"தப்பு பண்ணது உங்க புள்ள. ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் உன் மூஞ்சியப் பார்க்க முடியல."

கெண்ட்ரா துணியின் முனையைப் பல்லால் கடித்து முடிந்தாள். "மாமா வருவாரு. மாசத்துக்கு ஒரு தடவை, ரிப்பேரே இல்லாத பம்பைத் தூக்கிக்கிட்டு. நானும் பிரிச்சுப் பார்த்துட்டு மறுபடி மாட்டிக் கொடுப்பேன்."

இது லவோனுக்குத் தெரியாது. பம்புக்கு என்ன கேடு என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வாஷர் போயிருச்சு என்பார் எமில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நாலாவது போல்ட் டிரைவர் சீட்டுக்கு நேர்பின்னால் இருந்தது. அது அசையவில்லை. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறப்போட்டார்கள். தரைவிரிப்பை வெட்டி விலக்கி, அடியில் படுத்து நெருப்பு காட்டினாள் கெண்ட்ரா. கைப்பிடியில் மூன்றடி இரும்புக்குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். அசையவில்லை. மூன்றரை மணி ஆகியிருந்தது. லவோன் கழற்றிப்போட்ட கடைசி வரிசைச் சீட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொட்டகைத் தரையில் கிடந்த அந்தச் சீட்டு மெத்தென்று இருந்தது. கண்ணை மூடினால் அப்படியே போய்விடும்போல் இருந்தது.

"உடைஞ்சா உடையட்டும், வெட்டி எடுத்துரலாம்," என்றாள் கெண்ட்ரா. "கடைக்குப் போய் வெட்டற மெஷின் எடுத்துட்டு வரேன். நாப்பது நிமிஷம்."

"வரலைன்னா விட்டுரு."

"என்னது?"

"அது வரலைன்னா வரலை. அப்புறம் நாம என்ன பண்ண முடியும்."

கெண்ட்ரா குழாயைக் கீழே வைத்தாள். வண்டியின் படியில் உட்கார்ந்து லவோனை நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மறைக்க லவோனிடம் தெம்பு இல்லை.

"மூணு போல்ட்டு வந்தப்ப, இதோட நிக்கட்டும்னு நெனச்சேன்," என்றாள். "நாலாவது வரலைன்னதும், அப்பாடான்னு இருந்துச்சு. பாரு, எப்படிப்பட்டவளா இருக்கேன். அவரு வந்தா ரெண்டு மணிக்கு ஒரு தடவை மாடு, நடுவுல மருந்து, நடுவுல அவரைப் புரட்டணும், துடைக்கணும். அவரு நூத்தித் தொண்ணூறு பவுண்டு. நான் எங்க படுப்பேன்? எப்பப் படுப்பேன்? நாப்பது வருஷம் கூட இருந்தவரு வீட்டுக்கு வரேங்கறாரு, எனக்குத் தூக்கம்தான் பெருசாத் தெரியுது."

காற்று கூரையை இழுத்தது. கெண்ட்ரா விரலில் சுற்றியிருந்த துணியை இறுக்கினாள்.

"இப்ப சொல்லுங்க. நிறுத்திடறேன். மாமாகிட்ட நானே போன் பண்ணி போல்ட்டு வரலைன்னு சொல்லிடறேன். என் வேலை மேல பழி வந்தாப் பரவாயில்லை. நீங்க சொன்னீங்கன்னு யாருக்கும் தெரியாது."

லவோன் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் பட்டியிலிருந்து ஒரு கிடாரியின் அடிக்குரல் கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாள்.

சிவப்புக் கிடாரி. மத்தியானமே வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தது. இப்போது ஓரமாகப் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன, மூக்கும் தெரிந்தது, அதற்கு மேல் நகரவில்லை. லவோன் கையை முழங்கை வரை கழுவி, எண்ணெய் தடவி, உள்ளே விட்டுத் தலை நேராக இருப்பதைப் பார்த்துக்கொண்டாள். கன்றின் கால்களில் சங்கிலியை மாட்டினாள். கிடாரி முக்கும்போது இழுத்தாள், அது ஓயும்போது ஓய்ந்தாள். அதுவும் அவளும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள். இருபது நிமிஷம். தோள் வந்ததும் மீதியெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்து சேற்றில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலை மூக்குக்குள் விட்டுச் சீண்டினாள். தும்மியது. கிடாரி எழுந்து நின்று, தன் பின்னால் கிடந்தது என்னவென்று தெரியாமல் விழித்து, பிறகு குனிந்து நக்க ஆரம்பித்தது. அதற்கும் களைப்புத்தான். நக்கிக்கொண்டே இருந்தது.

சீம்பால் குடிக்கும்வரை லவோன் வேலியில் சாய்ந்து நின்றாள். நின்றபடியே இரண்டு தடவை தூங்கி விழித்தாள்.

அவள் திரும்பி வந்தபோது கெண்ட்ரா அதே படியில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள். போல்ட் அப்படியே இருந்தது. குழாய் கீழே கிடந்தது.

"நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்," என்றாள் லவோன்.

"நீங்க சொல்லாம எடுக்க மாட்டேன்."

லவோன் வண்டிக்குள் ஏறி மண்டியிட்டாள். கையில் இன்னும் கன்றின் ஈரம் இருந்தது, கோட்டில் துடைத்துக்கொண்டாள். குழாயைச் செருகினாள். காலை எதிர்ப்பக்கக் கதவுச் சட்டத்தில் உதைத்து ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சை விட்டாள். மறுபடி சாய்ந்தாள். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். அவள் பின்னால் போய்க் கதவில் முட்டிக்கொண்டாள்.

"உடைஞ்சிருச்சா?"

கெண்ட்ரா குனிந்து பார்த்தாள். "இல்ல. இளகிருச்சு."

இருவரும் சிரிக்கவில்லை. மிச்சத்தைக் கெண்ட்ரா விரலாலேயே சுற்றி எடுத்தாள். மஞ்சள் ஒயரை விடுவித்து, சீட்டை இறக்கிச் சுவரோரம் தள்ளினார்கள். ஒட்டுப்பலகையை அளவு பார்த்து வெட்டித் தரையில் போட்டு, மாடி அறையின் இரட்டை மெத்தையை மேலே விரித்தார்கள். இருட்டும் நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து, பக்கத்துப் பண்ணைக்காரி கொண்டுவந்து வைத்திருந்த பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரக்குழம்பையும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளையும் தின்றார்கள். கெண்ட்ரா சுருளைக் குழம்பிலேயே முக்கித் தின்றாள். முன்பும் அப்படித்தான் தின்பாள்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன்," என்றாள். "நீங்க இருக்கற நிலைமையில ஸ்டியரிங்கப் புடிச்சா மூணு பேரும் ஆத்துலதான் கிடப்போம்."

மறுநாள் பகலில் மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்வில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் தூக்கினார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். கட்டுவதற்குப் போட்டிருந்த பட்டைகளை இழுத்துப் பார்த்தாள். வழிக்கு வேண்டிய மருந்தை ஏற்கெனவே அவருக்கு ஊசியில் ஏற்றியிருந்தாள். நாலு பேர் போர்வையின் நாலு மூலையைப் பிடித்து எமிலை உள்ளே சறுக்கினார்கள். தலை முன்பக்கம், கால் பின்கதவுப் பக்கம். இரண்டு மாதத்தில் தாடை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"சவ வண்டியில போக ஒத்திகை பார்க்கறாப்பல இருக்கு."

"சும்மா கிட மனுஷா," என்றாள் லவோன். அவர் பக்கத்தில் மெத்தையின் ஓரத்தில் குந்திக்கொண்டாள்.

"எத்தனை போல்ட்டு?" எமில் கேட்டார்.

"நாலு," என்றாள் கெண்ட்ரா முன்னாலிருந்து. "கடைசியை அத்தைதான் எடுத்தாங்க."

எமில் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

படுத்திருப்பவருக்கு நிலம் தெரியாது. வானமும் மின்கம்பிகளும்தான் தெரியும். ஆனாலும் எமில் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தம் மாறினால், "இப்ப ஆத்துப்பாலம்." வண்டி இடப்பக்கம் திரும்பினால், "பழைய சர்ச் முக்கு." பாதி வழியில் தூங்கிப்போனார். லவோன் அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தாள். மேற்கே வானம் ஈயம்போல் இறங்கிக்கொண்டிருந்தது.

நெடுஞ்சாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் மண்பாதையில் மூன்று இடத்தில் குழாய்ப்பாலம் உண்டு. வேலி பாதையைக் கடக்கும் இடத்தில் குழி தோண்டி, குறுக்கே இரும்புக்குழாய்களை இடைவெளி விட்டுப் போட்டிருப்பார்கள். மாடு கால் வைக்கப் பயப்படும், வண்டி தாண்டிவிடும். முதல் பாலத்தில் கெண்ட்ரா வண்டியைத் தவழவிட்டாள். ஒவ்வொரு குழாயிலும் சக்கரம் ஏறி விழுந்தது. எமிலின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை லவோன் அதற்கு முன் மனுஷரிடம் கேட்டதில்லை. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின.

"நிறுத்து, நிறுத்து," என்று கத்தினாள். வண்டி நின்றது.

எமிலின் நெற்றியில் வேர்வை ஓடியது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "புள்ள, இந்தப் பாலத்தை நீ எத்தனை வாட்டி தாண்டியிருப்ப?"

"கணக்கே இல்ல மாமா."

"சும்மா இருக்கறப்ப எவ்வளவுல போவ?"

"நாப்பதுல."

"இப்ப ஏன் ஊர்ந்தே?"

"நீங்க பின்னாடி படுத்திருக்கீங்க."

"மெதுவாப் போனா ஒவ்வொரு குழாயும் என்னை விசாரிச்சுட்டுப் போகுது. வேகமாப் போ. ஒரே அடியாப் போயிரட்டும்."

கெண்ட்ரா கண்ணாடியில் லவோனைப் பார்த்தாள். லவோன் ஒரு கையால் அவர் தோளையும் மறு கையால் இடுப்புப் பட்டையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "போ," என்றாள்.

வண்டி உறுமி எடுத்தது. மண் பறந்தது. இரண்டாவது பாலம் வந்ததே தெரியவில்லை. அடியில் ஒரே ஒரு ரீங்காரம், உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். மூன்றாவதையும் அப்படியே தாண்டினார்கள். எமில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், திருப்தியாக.

வீட்டு முன்னால் வண்டி நின்றபோது இரண்டரை மணி. முதல் பனித்துகள்கள் குறுக்கே பறக்கத் தொடங்கியிருந்தன. எமிலை உள்ளே தூக்கிப் படுக்கவைக்க நாலு மணிக்கு மேல் ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார் ஆர்வில். அதுவரை வண்டியிலேயே இருக்கட்டும், ஹீட்டர் ஓடட்டும் என்றார் எமில். வண்டியைத் திருப்பிப் பட்டிப் பக்கம் பின்கண்ணாடி இருக்கிறமாதிரி நிறுத்தச் சொன்னார். தலைக்கு ஒரு மடிப்புப் போர்வையை மட்டும் வைத்துக்கொண்டால் காலுக்கு மேல் மாடுகள் தெரிந்தன. சிவப்புக் கிடாரியின் கன்று வைக்கோலில் சுருண்டிருந்தது.

அதற்கப்புறம் எமில் இருபத்தாறு நாள் இருந்தார். அவற்றில் ஒரு நாளும் லேசாக இருக்கவில்லை. சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு லவோன் அழுத நாட்கள் உண்டு, அவரை நோக்கிக் கத்திய ஒரு நாளும் உண்டு. சாயங்காலம் கடை மூடியதும் கெண்ட்ரா வந்து முன்னிரவு மாடுகளைப் பார்த்தாள். டீன் ஒரு வாரம் வந்து இருந்தான். அவனும் கெண்ட்ராவும் கன்றுகளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம், கெண்ட்ரா பட்டியைப் பார்க்க இறங்கிப்போனதும் எமில் சொன்னார்: "அந்த இல்லத்துல நீ விட்டிருக்கலாம். உன் இடத்துல நான்னா விட்டிருப்பேன்."

"நெனச்சேன்."

"தெரியும். போன்ல உன் மூச்சு சொல்லுச்சு."

"அப்புறம் எதுக்கு வீடுன்னே?"

அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருந்துச்சு," என்றார்.

அவருடைய காலுறை நழுவியிருந்தது, லவோன் இழுத்துவிட்டாள்.

"படு," என்றார் எமில்.

"கறுப்புக் கிடாரி ரெண்டு நிக்குது. பார்க்கணும்."

"இங்கிருந்து நான் பார்க்கறேன். புள்ள இருக்கு. நீ படு."

மெத்தையில் அவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் படுக்க இடம் இருந்தது. லவோன் பூட்ஸைக் கழற்றிச் பின்சக்கரத்துக்கு மேலே எழும்பியிருந்த மேட்டில் வைத்தாள். கோட்டோடு படுத்தாள். அவர் மேல் பட்டுவிடக் கூடாதென்று முதலில் ஒருக்களித்து விளிம்பில் கிடந்தாள். எமில் கையை மட்டும் நகர்த்தி அவள் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். ஹீட்டரின் வெதுவெதுப்பு காலிலிருந்து ஏறி வந்தது. கண்ணாடியில் பனி மெத்து மெத்தென்று விழுந்துகொண்டிருந்தது.

கதவு திறக்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. குளிர்காற்று வந்து போனது.

"மாமா, கறுப்புல ஒண்ணு படுத்துருச்சு. அத்தையை எழுப்பட்டுமா?"

"சங்கிலி கொடியில தொங்குது," என்றார் எமில், தாழ்ந்த குரலில். "கையை நல்லாக் கழுவிக்கிட்டுப் போ. கதவை மெதுவாச் சாத்து."

கெண்ட்ரா மெதுவாகச் சாத்தினாள். அந்தச் சத்தம் லவோனுக்குக் கேட்கவில்லை.